ஏழாம் பெட்டி சாகவில்லை

வலது முழங்காலுக்குள் யாரோ சரளைக்கல்லைப் போட்டு அரைப்பதுபோல் இருந்தது. மூட்டை ஒரு பாறையில் கையை ஊன்றி நின்றார். மலையில் பாதிகூட ஏறியாகவில்லை. பதினொரு மணி வெயில் பிடரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மூட்டை என்பது கிடங்கில் விழுந்த பெயர். இருபத்தெட்டு வயதுவரை அங்கே மூட்டை தூக்கினார். கிடங்கில் காணாமல்போன சரக்கை ஒருநாள் முதலாளியின் மைத்துனர் வீட்டு மாடியில் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்குப் பரிசாக வேலை போயிற்று. அன்றிலிருந்து துப்பறிவதே பிழைப்பு. முழங்காலுக்கு மட்டும் அவர் தொழில் மாறியது இன்னும் தெரியாது.

இருபதடி மேலே அவருடைய உதவியாளர் நின்றுகொண்டிருந்தாள். நாக்கு எங்கே குத்தும் என்று சொல்லமுடியாது என்பதால் எல்லோருக்கும் அவள் ஊசி.

"அண்ணே, உங்களைத் தூக்கிட்டுப் போகணும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கீழ போய் வேற வேலை தேடிக்கறேன்."

மூட்டைக்கு மூச்சு மிச்சமில்லை.

மலைக்கு எதிரே கல்குவாரி. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வெடி வைக்கக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. வைக்கிறார்கள், எங்கள் சுவரெல்லாம் விரிகிறது என்று அடிவாரத்து வரிசை வீட்டுக்காரர்கள் இரண்டு வருடமாகக் கத்தினார்கள். கடைசியில் ஒரு குழு அமைத்தார்கள். குழு ஓர் ஆய்வு அலுவலகத்திடம் வேலையைக் கொடுத்தது. ஆய்வு அலுவலகம் மலையில் பன்னிரண்டு ஒலிப்பதிவுப் பெட்டிகளைத் தொங்கவிட்டது.

பெட்டி என்றால் சோப்புக்கட்டி அளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, இரண்டு நிமிடம் கேட்டுப் பதிந்துவிட்டு, திரும்பத் தூங்கும். அதன் வயிற்றுக்குள் மூன்று பென்சில் செல் போட்டால் பன்னிரண்டு பதிமூன்று நாள் உயிரோடு இருக்கும். பன்னிரண்டு நாளுக்கு ஒருதரம் மலையேறி செல் மாற்றுவது பெரும் கஷ்டம் என்று அலுவலகத்தார் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவரும் ஏறியதில்லை. பேசி முடித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே ஒரு பெரிய ஆறு வோல்ட் பேட்டரியை வயர் போட்டு இணைப்பது என்று முடிவானது. செங்கல் அளவு, செங்கல் கனம். மரத்தில் பன்னிரண்டடி உயரத்தில் பெட்டி. இடுப்பு உயரத்தில் ஒரு துணிப்பைக்குள் பேட்டரி. இனி மூன்று மாதம் கவலையில்லை.

கவலை இல்லாதவர்கள் அவர்கள். பன்னிரண்டு செங்கல்லையும் முதுகில் கட்டிச் சுமந்து ஏறுகிறவர் ஏணி. நெடுநெடுவென்ற ஆள்; எந்த மரத்திலும் வெறுங்காலோடு ஏறுவார் என்பதால் அந்தப் பெயர்.

குவாரிக்கு நேர் எதிரே இருப்பது ஏழாம் பெட்டி. போன பத்தாம் தேதி காலையில் கருவிப் பொறியாளர் அந்த மரத்தடிவரை வந்து அண்ணாந்து பார்த்தார். பையில் பேட்டரி இல்லை. வயர் தொங்கியது. பெட்டியில் விளக்கு மினுங்கவில்லை. 'ஏழு செத்தது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு இறங்கிவிட்டார். ஸ்டோரில் பார்த்தால் முப்பத்தாறு பென்சில் செல்லும் திரும்பி வரவில்லை. வெளி பேட்டரி மாட்டியதும் உள்ளே இருக்கும் செல்லைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பது அலுவலக விதி. இரண்டையும் கூட்டிப் பார்த்து, ஏணிதான் திருடன் என்று தீர்த்துவிட்டார்கள்.

நாளைக்குக் குழுவின் விசாரணை. ஏழாம் பெட்டியில் ஒன்பதாம் தேதிக்குப்பின் சத்தம் இல்லாததற்கு வெளியாள் ஒருவர் காரணம் கண்டு எழுதித்தர வேண்டும் என்று குழு கேட்டிருந்தது. ஆய்வு அலுவலக இயக்குநர் மூட்டையைக் கூப்பிட்டார். அறிக்கையைத் தானே தட்டச்சு செய்து வைத்திருந்தார். மாலை ஐந்து மணிக்குப் போலீஸ் வரும், அதற்குள் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் உங்கள் வேலை என்றார். ஏணி அலுவலக நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். என்ன கேட்டாலும் "நான் எடுக்கல" என்ற இரண்டே வார்த்தை.

காலையில் மூட்டை ஏணியின் வீட்டைச் சோதனை போட்டார். ஒற்றை அறை. சுவரில் விரல் நுழையும் விரிசல். பரணைக் குடைந்தார், துணிமூட்டையைப் பிரித்தார், மாவு டின்னைத் தரையில் கவிழ்த்துக் கையால் துழாவினார். ஒரு செல்கூட இல்லை. தீப்பெட்டி ஒன்றில் மிளகைவிடச் சின்னதாய், வெள்ளி வளையம் போட்ட கறுப்புத் துண்டுகள் சில கிடந்தன. குப்பை என்று வைத்துவிட்டார். வேலைக்குக் கிளம்பி நின்ற ஏணியின் மனைவி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு விளக்குமாறை எடுத்தார்.

மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம். காலிப் பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஊசி வயரின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூட்டை மரத்தைப் பார்க்கவே இல்லை. மரத்திலிருந்து கீழே போகும் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டாம் தேதி மழை. ஒன்பதாம் தேதி இந்தத் தடம் சேறாக இருந்திருக்கும். இப்போது ஓடு மாதிரி காய்ந்திருந்தது. தடத்தின் ஓரத்தில் செங்கல் வைத்து அழுத்தியதுபோல் ஒரு சதுரக் குழி. மூட்டை அடிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார். மரத்திலிருந்து நாற்பது அடி வைத்தால் முதல் குழி. அங்கிருந்து இருபத்தைந்தில் அடுத்தது. பிறகு பன்னிரண்டு. பிறகு ஐந்தே அடியில் இன்னொன்று. அதற்குமேல் குழி இல்லை. பக்கத்தில் ஒரு முள்புதர்.

அவர் கம்பால் புதரை விலக்கினார். பெரிய பேட்டரி பத்திரமாக உள்ளே கிடந்தது.

"திருடினதை எவனாவது தூக்கிப் போட்டுட்டுப் போவானா?" என்றாள் ஊசி.

"சுமக்க முடியாதவன் போடுவான்."

மூட்டை குழிகளைக் கம்பால் சுட்டிக்காட்டினார். கனம் தூக்கிப் பழகியவன் நடுவழியில் இறக்கவே மாட்டான். இறக்கி ஏற்றுவதில்தான் உயிர் போகும். இந்த ஆள் நாற்பதடிக்கு ஒருதரம் வைத்தான், கை மாற்றினான், திரும்ப வைத்தான், கடைசியில் ஐந்தடியில் வெறுத்துப்போய் வீசிவிட்டான். ஏணிக்கு இந்த ஒரு பேட்டரி இடுப்பில் செருகிய வெற்றிலைப்பை மாதிரி.

ஊசிக்கு உடனே கருவிப் பொறியாளர் ஞாபகம் வந்தது. அந்தப் பையன் தண்ணி பாட்டிலையே ரெண்டு கையால் பிடித்துத்தான் குடிக்கிறான், அவன் மேல் அம்பது பந்தயம் என்றாள். மூட்டை அவளிடம் அம்பது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் மரத்தில் ஏறு என்றார்.

ஏணி இல்லாத அலுவலகத்தில் மரம் ஏற ஆள் இல்லை. பத்து நாளாக ஒருவரும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காததற்குக் காரணம் அவ்வளவுதான். செத்தது என்று கீழே நின்று எழுதினார்கள். செத்ததா என்று மேலே போய்ப் பார்க்கக் கூலிக்காரன் வேண்டும். கூலிக்காரனைத் திருடன் என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஊசி செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டையின் தோளில் ஏறி நின்றாள். முழங்கால் கறகறத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நூறு கிலோ தூக்கின தோளுதானே. ஆடாம நில்லுங்க."

"மூட்டை வாய் பேசாது. சீக்கிரம் பாரு."

மேலே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மூட்டை இரண்டு தரம் கூப்பிட்டார். உள்ளே மூன்று பென்சில் செல் இருக்கிறது, விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது, அதைக் கிள்ளியெடுக்கிறேன் என்று அவள் மெல்லச் சொன்னாள்.

"அண்ணே."

"என்ன?"

"செத்தவன் கண்ணடிக்கிறான்."

டேப்புக்குக் கீழே கடுகளவு பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. சரியாகப் பன்னிரண்டு மணி. பெட்டி விழித்து, இவர்கள் இருவரும் மூச்சு வாங்குவதைப் பதிந்துகொண்டிருந்தது.

இறங்கியதும் ஊசி விளக்கினாள். அவளுடைய மாமா ரேடியோக் கடைக்காரர். பத்து வயதிலிருந்தே ஈயப்புகை குடித்தவள். பெட்டிக்குள் பெரிய பேட்டரியின் வயரில் ஒன்றும் சின்னச் செல்லின் வயரில் ஒன்றுமாக இரண்டு கறுப்புத் துண்டுகள் பற்றவைத்திருந்தன. வெள்ளி வளையம் போட்டவை. டையோடு. கரண்டுக்கு ஒருவழிப் பாதை. பெரியது இருக்கும்வரை பெட்டி அதிலிருந்து குடிக்கும், சின்னது சும்மா படுத்திருக்கும். பெரியது போனால் அந்த நொடியே சின்னது எழுந்து வேலையைப் பார்க்கும். ஒன்றின் கரண்ட் மற்றதற்குள் பாய்ந்து செல் வீங்காது. உடைந்த ரேடியோவிலிருந்து பிடுங்கிய காலணாப் பொருள். அலுவலகத்தில் இருக்கும் அத்தனை படிப்புக்கும் தோன்றவில்லை.

ஏணி ஏன் இதைச் செய்தார் என்பது மூட்டைக்கு முழங்கால் வழியாகவே புரிந்தது. பெரிய பேட்டரி மாற்றும்போது வயரைக் கழற்றினால் பெட்டியின் கடிகாரம் நின்றுவிடும். அதைத் திருப்பி வைக்கப் பொறியாளர் மேலே வரமாட்டார். பெட்டியைக் கீழே கொண்டுவா என்பார். ஒரு பெட்டிக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். பன்னிரண்டு பெட்டிக்கு எத்தனை என்று அலுவலகத்தில் யாரும் எண்ணவில்லை. ஏணியின் கால் எண்ணியது. செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் கடிகாரம் நிற்காது. விளக்கை மினுங்காமல் நிறுத்த அவருக்குத் தெரியாது. கரடிக் கண் மாதிரி மினுங்கினால் வேடிக்கை பார்க்கிறவன் கல் எறிவான் என்று டேப் ஒட்டியிருக்கிறார்.

காணாமல்போன முப்பத்தாறு செல்லும் பன்னிரண்டு பெட்டிக்குள் மூன்று மூன்றாக இருந்தன. அதைச் சொல்லியிருந்தால் திருடன் இல்லை என்று ஆகியிருக்கும். ஆனால் அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்ததை மூட்டை காலையில் படித்திருந்தார்: வெளி பேட்டரி இணைத்தபின் உள்ளே செல் இருந்தால் உடனடி வேலைநீக்கம். வாயைத் திறந்தாலும் போச்சு, மூடினாலும் போச்சு. மனிதர் மூடிக்கொண்டுவிட்டார்.

ஊசி பதிவு அட்டையை மாற்றி எடுத்துக்கொண்டு வந்து, மடிக்கணினியில் செருகி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒன்பதாம் தேதி மாலை நாலு மணியிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மூன்றாவது பதிவு முடிந்ததும் காதிலிருந்து கழற்றி மூட்டையிடம் நீட்டினாள்.

"அம்பது ரூபா தப்பிச்சுது அண்ணே" என்றாள். அதற்குமேல் அவள் ஒரு கிண்டலும் செய்யவில்லை. மூட்டை முழுதும் கேட்டார். பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமையையும் கேட்டார். புதருக்குள் கிடந்த பேட்டரியை எடுத்து இடது தோளில் வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். வழியில் ஒரு இடத்திலும் இறக்கி வைக்கவில்லை.

இயக்குநர் அறைக்குள் நுழையும்போது நாலு இருபது. குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேசைமேல் அறிக்கை, அறிக்கைமேல் பேனா. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். பொறியாளர் சுவரோரமாக நின்றார்.

படித்துப்பார்க்க அவசியமில்லை, எல்லாம் முறைப்படி இருக்கிறது என்றார் இயக்குநர். மூட்டை சேறும் முள்ளுமாய் இருந்த பேட்டரியை அறிக்கையின் மேல் வைத்தார். அறிக்கை அழுக்காகிறதே என்று இயக்குநர் முகம் சுளித்தார். ஒற்றைக் கையால் அதைத் தூக்கினார். மேசை ஓரத்துக்குப் போவதற்குள் மற்றக் கைக்கு மாற்றினார். வைத்துவிட்டு விரலை உதறினார்.

"ஒண்ணு" என்றாள் ஊசி.

"என்ன ஒண்ணு?"

"குழி சார். எண்ணிட்டு இருக்கேன்."

மூட்டை தலையசைத்தார். அவள் மடிக்கணினியின் ஒலியைக் கூட்டினாள்.

முதல் பதிவு, மாலை நாலு பத்து. இரண்டு நிமிடமும் இரைப்பு மட்டும். தோல் கிழிந்த துருத்தி மாதிரி ஒருவர் மூச்சு வாங்குகிறார். இரண்டாவது, நாலு இருபது. அதே ஆள், அதே மரத்தடி, இன்னும் மூச்சு முழுதாக வரவில்லை. ஆனால் போனில் பேசுமளவு தேறியிருந்தார்.

"கழட்டிட்டேங்க. இனிமே இது செத்த பொட்டி. வியாழக்கிழமை ஆறு மணிக்கு மேல உங்க இஷ்டம். பழியா? அது ஒருத்தன் இருக்கான், அவன் தலைல கட்டிக்கலாம்."

குரல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருடையது. அறையில் இருந்த நாலு பேருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

மூன்றாவது பதிவில் அவர் பேட்டரியைத் தூக்குகிறார். தூக்கிக்கொண்டே அதைச் செய்தவனின் பரம்பரையை ஏசுகிறார்.

"பத்து நிமிஷத்துல ரெண்டு நிமிஷம்தான் இந்தப் பெட்டி கேக்கும்" என்றார் மூட்டை. "சட்டுனு கழட்டிட்டு இறங்கியிருந்தா உங்க குரலே விழுந்திருக்காது. மூணு தடவ விழற அளவுக்கு உக்காந்து இளைப்பாறியிருக்கீங்க."

அடுத்து வியாழக்கிழமை. ஆறு மணிக்குக் குவாரிச் சங்கு. ஆறு நாற்பதுக்கு வெடி. அறையின் கண்ணாடி மேசை அதிர்ந்தது. இலைகளின்மேல் கல் மழைபோல் விழுந்தது. தூரத்தில், அடிவாரத்தில், ஒரு பெண் யாரையோ வெளியே ஓடிவரச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இயக்குநர் பொறியாளர் பக்கம் திரும்பினார். பேட்டரி கழன்ற பெட்டியில் கடிகாரமே நின்றுபோயிருக்கும், இந்த நேரமெல்லாம் செல்லாது என்று குழுவிடம் சொல்லு என்றார். பொறியாளர் மடிக்கணினியை இழுத்து எண்களைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். கடைசியில் சுவரில் தான் ஒட்டிய விதியைப் பார்த்தார்.

"ஒரு செகண்ட் கூட விலகல சார். உள்ள செல் இருந்திருக்கு."

அந்த நோட்டீஸைக் கிழித்தெடுக்கப் பொறியாளரின் கை போயிற்று. பாதியில் திரும்பி வந்தது. அந்த அளவுக்குத்தான் அவருக்குத் தைரியம்.

இயக்குநர் குரலைத் தாழ்த்தி மூட்டையிடம் பேசினார். பேசிப் பார்த்தார் என்று சொல்லவேண்டும். பத்துப் பெரிய துப்பறியும் நிறுவனம் இருக்க உன்னைக் கூப்பிட்டது எதற்கு என்று நினைக்கிறாய் என்றார்.

"மூட்டை தூக்கினவன். கேக்காம கையெழுத்து போடுவான்னு சொன்னாங்க" என்று அவரே பதிலும் சொன்னார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் மூட்டை. "காலைல நீங்க சொன்ன வீட்டுக்குப் போய் நீங்க சொன்னபடி கவுத்துட்டுத்தான் வந்தேன்."

அவர் அறிக்கையைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் மூன்று வரி எழுதினார். பேட்டரியைக் கழற்றியவர் யார், எப்போது, எதற்கு. கீழே கையெழுத்து. பதிவின் நகல் மலையடிவாரத்திலிருந்தே குழுவுக்குப் போய்விட்டது என்று ஊசி சொன்னாள். இயக்குநரின் கை போனை நோக்கிப் போனது.

"போலீஸுக்கு வர வேண்டாம்னு சொல்லிடாதீங்க சார்" என்றாள் அவள். "அஞ்சு மணிக்கு வரட்டும். நீங்களே கூப்பிட்டது. அவங்களுக்கும் வீண் நடையா போயிடக்கூடாது."

நடையில் ஏணி அதே பெஞ்சில், அதே மாதிரி, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று மூட்டை சொன்னார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். ஏணி இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கடியாரம் நின்னுச்சா?"

"நிக்கல."

அவர் முகத்தில் ஏதோ லேசாக அசைந்தது. பத்து நாள் ஆகிவிட்டது, செல் இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும், அதற்குள் பெரியதை மாட்டவேண்டும் என்றார். ஊசி மேசையிலிருந்து தூக்கி வந்திருந்த பேட்டரியை வாங்கினார். வாங்கியது தெரியாமல் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

மூட்டை தொண்டையைச் செருமினார். "காலைல உங்க வீட்டுல நான்…"

"எங்கிட்ட சொல்லாதீங்க" என்றார் ஏணி. கோபமாகச் சொல்லவில்லை. "மாவைக் கூட்டி அள்ளினது நான் இல்ல. என் வீட்டுக்காரி."

"அவங்க எங்க?"

"குவாரில. ஜல்லி அள்றா. ஆறரைக்கு வருவா."

அவர் போய்விட்டார். நீள நீளமாகக் கால் வைத்து, படியிறங்கி, வெளியே. ஊசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூட்டையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கிளம்பலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் காலியான பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மணி நாலு ஐம்பது.

ஒரு டின் மாவு எந்தக் கடையிலும் கிடைக்கும். போகிற வழியில் வாங்கிவிடலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் பாக்கி இருந்தது.